ஒரே மாதிரி இரண்டு சோடி

புவனேசன் என்ன வேலை செய்கிறான் என்று லூனாஸ் டவுனில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அவனுக்கே அரைகுறையாகத்தான் தெரியும். அம்மா பிரேமாவதி கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் "ஆபீஸ் மேனேஜர்" என்று சொல்லி வைத்திருந்தாள். அவன் வேலை பார்க்கும் மாடிக்குக் கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முருகையா அதை நம்பவில்லை.

"ஆபீஸ்னா ஒரு கம்பெனி இருக்கணும்ல தம்பி. மேல ஒக்காந்திருக்கிறவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கம்பெனி. நீ எந்தக் கம்பெனிக்கு மேனேஜர்?"

"எல்லாருக்கும்தாண்ணே."

"அப்ப எல்லாரும் ஒனக்குச் சம்பளம் குடுக்கிறாங்களா?"

"இல்லண்ணே. ஓனரம்மா குடுக்கிறாங்க."

"எதுக்கு?"

புவனேசன் தே ஓ ஆயிஸை, பாலில்லாத ஐஸ் தேநீரை, உறிஞ்சினான். "கம்யூனிட்டி மேனேஜர்ணே. அங்க வர்றவங்கள ஒருத்தருக்கொருத்தர் பேசிப் பழக வைக்கணும்."

முருகையா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அதுக்குச் சம்பளமா? இத்தன வருசமா நான் இங்க சும்மாவேல்ல லா செஞ்சிக்கிட்டிருக்கேன்!"

அவர் சொன்னது உண்மைதான். கீழே கடையில் முன்பின் தெரியாதவர்கள்கூட ஒரே மேசையில் உட்கார்ந்து ஊர் வம்பு முழுக்கப் பேசினார்கள். அதே ஆட்கள் மாடிப்படி ஏறி, வாடகைக்கு எடுத்த மேசையில் மடிக்கணினியைத் திறந்ததும் காதை அடைத்துக்கொண்டு ஊமைகளாகிவிடுவார்கள்.

மாடியிலிருந்த அந்த இடத்துக்குப் பெயரே 'மேசை'தான். மலாயிலும் 'மேஜா' என்பதால் மலாய்க்காரர்களுக்கும் புரியும் என்று ஓனரம்மா தர்மிளா வைத்த பெயர். ஜித்ராவில் கணக்காய்வாளர் அவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பாவுக்கு அரசாங்க உத்தியோகம், பேச்சில் இன்னும் அந்த இழுப்பு இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் காலம் வந்துவிட்டது, ஆனால் வீட்டில் தொலைக்காட்சி அலறுகிறது, அடுப்பங்கரைப் பக்கத்தில் உட்கார்ந்தால் கொத்தமல்லி வாங்கி வரச் சொல்கிறார்கள். ஆகவே மேசையும் குளிர்சாதனமும் நல்ல இணையமும் கொடுத்தால் வருவார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். கணக்கு தப்பவில்லை. வந்தார்கள். பேசத்தான் இல்லை.

புவனேசன் அதற்கு முன்னால் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்த்தவன். தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை. வெளியே தெரிவது கண் மட்டும். ஒரு நாள் காலையில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், "என்ன பாஸ், நேத்து ஒங்க மெசின் ரொம்பப் படுத்திருச்சே" என்றான். யாரென்று தெரியவில்லை. கண்ணைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அடுத்த இயந்திரத்தில் வருடக்கணக்காக நின்றவன். அந்த முகத்தை அவன் அதுவரை பார்த்ததே இல்லை. மறுநாளிலிருந்து புவனேசன் வேலைக்குப் போகவில்லை. ஏன் நின்றாய் என்று கேட்டவர்களிடம் இதைச் சொல்லவும் இல்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

இப்போது மறுபடி அங்கேயே போக வேண்டி வரும்போலிருந்தது.

தர்மிளா போன வாரம் பேசியிருந்தார். "தம்பி, நான் நேராவே சொல்லுறன். கதவில கார்டு பூட்டு ஒண்டு போட்டா, அவையவை தாங்களே திறந்து வருவினம், போவினம். அப்ப ஆள் ஒருத்தர் அங்க என்னத்துக்கு? புதன்கிழமை பூட்டுக்காரரோட வாறன். வந்து பாத்திட்டுத்தான் முடிவு சொல்லுவன்."

அதே வாரம் தொழிற்சாலையிலிருந்து வாசுகி அக்கா செய்தி அனுப்பினாள். அவனுடைய பழைய லைன் லீடர். "திங்கக்கிழமையிலேருந்து நைட்ல ஒரு ஆள் வேணும்டா. ஒனக்குத்தான் வச்சிருக்கேன். புதன் சாயந்தரத்துக்குள்ள சொல்லு."

ஆக, எல்லாம் புதன்கிழமையில் வந்து நின்றது.

அவன் ஒன்றும் செய்யாமல் இருக்கவில்லை. கோலாலம்பூரில் இப்படிப்பட்ட இடங்களில் வெள்ளிக்கிழமை தேநீர்ச் சந்திப்பு நடக்கும் என்று படித்து, இங்கும் ஒன்று வைத்தான். சட்டையில் குத்திக்கொள்ளப் பெயர் அட்டை. உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப் இரண்டு தட்டு. எல்லாரும் வந்தார்கள், ஆளுக்கு இரண்டு கறிபாப் எடுத்தார்கள், அவரவர் மேசைக்குத் திரும்பிப் போனார்கள். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் தேவகி மட்டும் போகும்போது, "கறிபாப் நல்லா இருந்திச்சிண்ணே" என்றாள். அந்தச் சந்திப்பில் அவனிடம் யாராவது பேசிய ஒரே வாக்கியம் அது.

தர்மிளாவுக்கு இன்னொரு குறையும் இருந்தது. கதவுக்கு வெளியே இருந்த, ஷூவும் செருப்பும் வைக்கும் சப்பாத்துத் தட்டு. அதை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. முதல் நாள் முதலில் வந்தவர் பழக்கதோஷத்தில் வாசலில் செருப்பைக் கழற்றினார். அடுத்து வந்தவர் அதைப் பார்த்துக் கழற்றினார். படிக்கட்டு முழுக்கச் செருப்பானதும் புவனேசன் ஒரு தட்டு வாங்கி வைத்தான். அதன் பிறகும் பாதி தட்டில், பாதி தரையில்.

"இது அலுவலகமோ, கோயிலோ?" என்று தர்மிளா கேட்டிருந்தார்.

புதன்கிழமை காலை அந்தக் கேள்விதான் புவனேசன் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் வாசலில் குந்தி, தொழிற்சாலையில் 'ஃபைவ் எஸ்' என்று கற்றுக்கொடுத்தபடி தட்டை ஒழுங்கு பண்ணினான். வேண்டாததை நீக்கு, இருப்பதை வகைப்படுத்து, வரிசையில் வை, துடை. வேண்டாதது என்று அங்கே இருந்தது ஓர் அறுந்த ஸ்லிப்பர் மட்டும். மேல் தட்டில் பெண்கள் செருப்பு, நடுவில் ஸ்லிப்பர், கீழே சப்பாத்து. குதிகால் எல்லாம் வெளிப்பக்கம். அந்த மாடிக்குப் புவனேசன் வந்ததிலிருந்து அவன் கை வேலை ஒன்று உருப்படியாகத் தெரிந்தது அன்றுதான். எழுந்து நின்று கொஞ்ச நேரம் அதை ரசித்தான்.

கீழ்த் தட்டில் கறுப்புப் பாதுகாப்புச் சப்பாத்து இரண்டு சோடி இருந்தது. விரல் பக்கம் இரும்பு வைத்தது, தொழிற்சாலையில் கொடுப்பது. கூலிம் வட்டாரத்தில் அது இல்லாத வீடு கிடையாது. வேலையை விட்டாலும் யாரும் அதைத் தூக்கி எறிவதில்லை. புவனேசன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

ஒன்று காளிதாசனுடையது. டிரோன் பறக்கவிட்டுத் தோட்டங்களுக்கு மருந்தடிப்பவன், மேலிருந்து படம் எடுத்துக் கொடுப்பவன். முள்ளுக்கும் பாம்புக்கும் அந்தச் சப்பாத்துதான் சரி என்பான். இன்னொன்று சுகுமாரனுடையது. சன்னலோர மேசைக்காரன். தொழிற்சாலையில் ஆள் குறைத்தபோது வெளியே வந்தவன். இப்போது கம்பெனிகளுக்கு வரைபடம் தயாரித்துக் கொடுக்கிறான். அவன் புவனேசனிடம் இதுவரை கேட்டது இணையத்தின் கடவுச்சொல் மட்டும். நேற்று மட்டும் சான்றிதழை அச்செடுக்கக் கேட்டான். புதனன்று மதியம் இரண்டு மணிக்கு ஹைடெக் பூங்காவில் நேர்முகம் என்று அப்போதுதான் தெரிந்தது.

காளிதாசன் பத்து மணி வாக்கில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். "லேட்டாயிருச்சி! தோட்டத்துல மேனேஜர் துவான் காத்துக்கிட்டிருக்கார்!" கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியபடியே சப்பாத்துக்குள் காலை நுழைத்துப் படியில் தடதடவென்று இறங்கினான்.

பன்னிரண்டரைக்குச் சுகுமாரன் வெளியே வந்தான். வெள்ளைச் சட்டை, தோளில் மடிக்கணினிப் பை, கையில் கோப்பு. குனிந்தவன் அப்படியே நின்றான்.

"இது என்னோடது இல்ல."

புவனேசன் வந்து பார்த்தான். சுகுமாரன் அதற்குள் காலை விட்டுக் காட்டினான். பின்னால் இரண்டு விரல் புகுந்தது.

"எப்பவும் அந்தத் தூணு ஓரமா வுடுவேன். கண்ண மூடிக்கிட்டே மாட்டலாம். யாரு எடுத்து இங்க வச்சது?"

"நாந்தான்" என்றான் புவனேசன். வேறு வழியில்லை.

"இதில்லாம கேட்டுக்குள்ளயே வுட மாட்டான் பாஸ். இத போட்டுக்கிட்டு அவன் பேக்டரி புல்லா நடக்கச் சொன்னா நான் விழுந்து வாருவேன்."

காளிதாசனைக் கூப்பிட்டார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. டிரோன் மேலே இருக்கும்போது அவன் எடுக்க மாட்டான். காராங்கான் போகிற வழியில் உள்ள செம்பனைத் தோட்டம் என்று காலையில் உளறியது புவனேசனுக்கு நினைவிருந்தது. அரை மணி நேர ஓட்டம். உடனே கிளம்பி, அப்படியே ஹைடெக் பூங்காவுக்கு விட்டால் நேர்முகத்துக்குப் போய்ச் சேரலாம். ஆனால் தர்மிளா ஒரு மணிக்கு வருவார். பூட்டுக்காரரோடு. வரும்போது இவன் நாற்காலி காலியாக இருக்கும். ஆள் எதற்கு என்ற கேள்விக்கு அதைவிடப் பச்சையான பதில் வேறு இல்லை.

புவனேசன் சுகுமாரனின் காலைப் பார்த்தான். காலுறையில் பெருவிரல் பக்கம் சின்னதாகத் தையல் போட்டிருந்தது. பார்த்திருக்கக் கூடாது.

உள்ளே போய்த் தேவகியின் தோளைத் தட்டினான். அவள் காதிலிருந்ததைக் கழற்றினாள். திரையில் ஒரு மணப்பெண் பாதி அழுகையில் உறைந்து நின்றாள்.

"தேவகி, சப்பாத்து மாறிப் போச்சு, காராங்கான் பக்கம் போறேன், கொஞ்சம் பாத்துக்க. ஓனரம்மா வருவாங்க."

"ஐயோ. நான் என்ன பண்ணணும்?"

"பேசிக்கிட்டிரு."

"என்ன பேசறது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் கறிபாப் வாங்கறேன்?"

சுகுமாரன் புவனேசனின் ஸ்லிப்பரை மாட்டிக்கொண்டு, மாறிப்போன சப்பாத்தை மடியில் வைத்துக் காரில் உட்கார்ந்தான். புவனேசன் வெறுங்காலோடு ஓட்டினான். டவுனைத் தாண்டியதும் சுகுமாரன் கேட்டான்.

"நீங்க ஏன் பாஸ் அத அடுக்கினீங்க?"

"ஃபைவ் எஸ்."

சுகுமாரன் திரும்பிப் பார்த்தான். பிறகு சிரித்தான். அடக்கமாக ஆரம்பித்து, காரே குலுங்குகிற மாதிரி சிரித்தான். "நீங்களும் பேக்டரிதானா! ஐயோ கடவுளே. நம்மள மாதிரி ஆளாலதான் இப்படி ஒரு தப்பச் சுத்தமா பண்ண முடியும்."

"இப்ப போறது எந்த ஷிஃப்ட்டு?"

"நைட்டு."

"படம் போடற வேல?"

"இருக்கு. மாசத்துல பாதி நாளு. மீதி நாளு சன்னலப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். நீங்க கவனிச்சிருப்பீங்களே."

புவனேசன் கவனித்ததில்லை. வேலையாக இருக்கிறான் என்றுதான் நினைத்திருந்தான். வெட்கமாக இருந்தது. பக்கத்து இயந்திரத்தின் கதைதான் மறுபடியும்.

தோட்டத்துச் செம்மண் சாலையின் ஓரத்தில் காளிதாசனின் லாரி நின்றது. அவன் டிரோனை இறக்கிவிட்டு, வலிக்கிற காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நின்றான். பக்கத்தில் தோட்டத்துத் துணை மேனேஜர், ஒரு மலாய்க்காரர், கைகட்டி நின்றார். முகம் சரியில்லை.

"காளி, ஒன் காலப் பாருடா" என்றான் புவனேசன்.

காளிதாசன் குனிந்து பார்த்தான். சுகுமாரன் கையில் கொண்டுவந்த சப்பாத்தைப் பார்த்தான். "அடச்சே! காலைலேருந்து வெரல் மரத்துப் போவுது, சுகர் வந்திருச்சின்னுல்ல நெனச்சேன்! அம்மாவுக்கு வேற போன் போட்டுச் சொல்லிட்டேன். அது அழுதுகிட்டிருக்கு!"

துணை மேனேஜர்கூடச் சிரித்துவிட்டார். ஆனால் காளிதாசனிடம் பேசிக்கொண்டிருந்ததை விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டார். மரங்கள் மஞ்சளடித்துக்கொண்டு வருகின்றன, எந்தப் பாத்தியில் எத்தனை என்று குறித்த வரைபடம் தனக்கு வேண்டும், வெறும் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மலாயில் கேட்டார். இரண்டு வாரம் ஆகும் துவான், ஜொகூரில் ஒருவருக்கு அனுப்பித்தான் செய்கிறேன், அவரிடம் வேலை குவிந்து கிடக்கிறது என்று காளிதாசன் இழுத்தான். இரண்டு வாரத்தில் மரம் செத்துவிடும் என்றார் அவர்.

சுகுமாரன் லாரிப் படியில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கை நின்றது.

"எவ்வளவு ஒயரத்துலேருந்து எடுத்தீங்க?"

காளிதாசன் சொன்னான்.

"படம் ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏறுதா? எங்க, காட்டுங்க." காளிதாசன் கொடுத்த பலகைக் கணினியை வாங்கித் தள்ளித் தள்ளிப் பார்த்தான். "இத எதுக்கு ஜொகூருக்கு அனுப்பறீங்க? இதத்தான நான் செய்யறேன்."

"எங்க செய்யறீங்க?"

"ஒங்க மேசைக்கு மூணு மேசை தள்ளி."

காளிதாசன் அவன் முகத்தை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தான். "சன்னல்கிட்ட முதுகு காட்டி ஒக்காந்திருப்பாரே, அந்த முதுகு நீங்கதானா?"

அதன் பிறகு புவனேசனுக்கு அங்கே வேலையில்லை. சுகுமாரன் தன் மடிக்கணினியை லாரியின் பின்பக்கம் திறந்து வைத்தான். வெயிலில் திரை தெரியவில்லை. காளிதாசன் தன் சட்டையைக் கழற்றிக் கூடாரம் மாதிரி பிடித்தான். துணை மேனேஜர் கூடாரத்துக்குள் தலையை விட்டார்.

புவனேசன் மணியைப் பார்த்தான். கிட்டே போய், "சுகு, இப்ப கெளம்பினாத்தான் போய்ச் சேரலாம்" என்றான்.

"ஒரு நிமிசம்."

மறுபடியும் சொன்னான். "நேரம் ஆயிருச்சி."

"தெரியும் பாஸ்" என்றான் சுகுமாரன். தலையைக் கூடாரத்திலிருந்து வெளியே எடுக்கவில்லை. "அங்க போன் போட்டு வரலன்னு சொல்லிடறேன். இத முடிச்சிக்கிறேன்."

புவனேசன் வற்புறுத்தவில்லை. ஒருவனை இரவு ஷிஃப்டுக்குத் தள்ளிவிட அவனுக்கு வாய் வரவில்லை. அதே நேரம், இதனால் இவன் பிழைப்பு கெட்டால் பழி யாருக்கு என்ற பயமும் இருந்தது. இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு, சுகுமாரன் கழற்றிப் போட்ட ஸ்லிப்பரை மாட்ட மறந்து, செம்பனை நிழலில் வெறுங்காலோடு நின்றான். எறும்பு கடித்தது.

கைப்பேசி அடித்தது. தர்மிளா.

"எங்க நிக்கிறீங்கள் தம்பி?"

"தோட்டத்துல மேடம்."

"தோட்டத்திலயோ? என்னத்துக்கு?"

"சப்பாத்து மாறிப் போச்சு மேடம்."

பின்னால் பூட்டுக்காரர் ஏதோ கேட்கும் சத்தம் வந்தது. பிறகு, "வாங்கோ. நான் இருக்கிறன்" என்று வைத்துவிட்டார். கோபமா இல்லையா என்று அந்தக் குரலிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை.

அவன் திரும்பி வந்து வாசலில் ஸ்லிப்பரைக் கழற்றும்போது தட்டில் புதிதாக இரண்டு சோடி இருந்தது. ஒன்று பூட்டுக்காரருடையது. இன்னொன்று குதிகால் உயர்ந்த செருப்பு. தர்மிளா அதுவரை ஒரு நாளும் வாசலில் செருப்பைக் கழற்றியதில்லை.

உள்ளே அவர் தேவகியின் மேசையருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் அதே மணப்பெண். பூட்டுக்காரர் கதவை அளந்துகொண்டிருந்தார்.

"நீங்கள் இல்லாமலே இங்க எல்லாம் நடக்குதே தம்பி" என்றார் தர்மிளா. "இந்தப் பிள்ளை கோப்பி தந்தவ. ஆரோ ஒருத்தருக்குக் கூட்ட அறையையும் திறந்து விட்டவ."

புவனேசன் பையிலிருந்த கைப்பேசியைத் தொட்டுப் பார்த்தான். அவ்வளவுதான். வாசுகி அக்காவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

தேவகி நாற்காலியைத் திருப்பினாள். "மேடம், அது சரி. பூட்டு நல்லதுதான். ஆனா ஒரு பூட்டு ஒருத்தரோட சப்பாத்தத் தேடிக்கிட்டு காராங்கான் வரைக்கும் போவுமா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். தர்மிளா பதில் சொல்லுமுன் படியில் தடதடவென்று சத்தம். காளிதாசனும் சுகுமாரனும் பேசிக்கொண்டே ஏறி வந்தார்கள். வந்தவர்கள் யாரையும் பார்க்கவில்லை. சுகுமாரன் தன் மேசையின் ஒரு முனையைப் பிடித்தான், காளிதாசன் மறுமுனையை. கிரீச் கிரீச்சென்று அறையின் குறுக்கே இழுத்துப் போய்க் காளிதாசனின் மேசையோடு ஒட்டிப் போட்டார்கள். காதை அடைத்திருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

"புவா, ஒரு எக்ஸ்டென்சன் வயர் குடு லா" என்றான் காளிதாசன். "நாளைக்குள்ள குடுத்தா பக்கத்துத் தோட்டமும் நமக்குத்தான்னு துவான் சொல்லிட்டாரு."

தர்மிளா அந்த இரண்டு மேசையையும் பார்த்தார். "இவை ரெண்டு பேரையும் நீங்களோ சேத்து வச்சது?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கின் நுனி வரை வந்தது.

"இல்ல மேடம். நீங்க வர்றீங்கன்னு சப்பாத்த அடுக்கினேன். மாறிப் போச்சு. நாஞ்செஞ்சது அவ்வளவுதான்."

"பிறகு ஏன் நீங்கள் கூடப் போனனீங்கள்?"

"நாந்தான மாத்தி வச்சேன்."

தர்மிளா நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு கணக்காய்வாளரின் குரலில் பேசினார். "பூட்டுப் போடுவம். வெள்ளன வாறவைக்கும் பிந்திப் போறவைக்கும் அது போதும். நீங்கள் அந்த மேசைக்குப் பின்னால கதவைப் பாத்துக்கொண்டு இருக்கிறது இனி வேண்டாம். அந்த மேசையை எடுத்துப் போடுங்கோ. இங்க ஆர் ஆருக்கு என்ன தேவையெண்டு பாருங்கோ. வருச முடிவு வரைக்கும் பாப்பம்."

"சரி மேடம். அந்தச் சப்பாத்துத் தட்டு?"

"கிடக்கட்டும்" என்றார். "ஆனா நீங்கள் அடுக்காதேங்கோ."

வருட முடிவு ஒன்றும் தூரத்தில் இல்லை. அவனுக்கு அது தெரியும். ஆனாலும் திங்கட்கிழமையைவிட அது தூரம்தான்.

சாயங்காலம் வாசுகி அக்காவை அழைத்தான்.

"வரலக்கா. வேற ஆளப் பாத்துக்குங்க."

"ஏன்டா? அந்த மாடியில அப்படி என்னதான்டா வேல ஒனக்கு?"

"இன்னிக்குச் சப்பாத்து தேடினேன்கா."

"என்னது? நாளைக்கு?"

"ஒருத்தன் பேரு இன்னும் எனக்குத் தெரியாது. மூலையில ஒக்காந்திருப்பான். அவன் என்ன பண்றான்னு கேக்கணும்."

"பைத்தியமாடா நீ?" என்றாள் வாசுகி அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவன் வாசலுக்கு வந்தான். தட்டு காலையில் இருந்த நிலையில் இல்லை. பாதி உள்ளே, பாதி தரையில், ஒன்று கவிழ்ந்து கிடந்தது. தூண் ஓரத்தில் சுகுமாரனின் கறுப்புச் சப்பாத்து, கயிறு கட்டியபடி, அதன் பழைய இடத்தில் இருந்தது. கை பரபரத்தது. அவன் குனியவில்லை. எல்லாவற்றையும் தாண்டித் தன் ஸ்லிப்பரைத் தேடினான். அது இல்லை. படியின் அடியில், முருகையா கடை வாசலில், அது சுகுமாரனின் காலில் கிடந்தது. இரண்டு கோப்பிக்கு நடுவில் அவனும் காளிதாசனும் கையை ஆட்டி ஆட்டி எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

புவனேசன் வெறுங்காலோடு இறங்கிப் போனான்.